தேங்காயில் ஒரு சுழி அதிகம்

அத்தியாயம் 9

அடுத்தவர் விழுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது பாவம் என்று அன்ரனிற்றாவுக்கு நன்றாகவே தெரியும். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். இருந்தும் அந்த வெள்ளிக்கிழமை காலை, ஜெர்மனியின் வுப்பர்டாலில் தன் துப்பறியும் அலுவலகத்தில் அறிக்கையின் கடைசி வரியைத் தட்டி முடித்தபோது அவளுக்கு உள்ளுக்குள் கற்கண்டாய் இனித்தது.

‘இந்த ஆவணம் போலி. செய்தவர் முனைவர் டொறத்தி.’

நாலு தரம் வாசித்தாள். ஒவ்வொரு தரமும் கடைசிச் சொல்லில் கொஞ்ச நேரம் நின்றாள்.

டொறத்தி அவளுக்கு என்ன கெடுதல் செய்தாள் என்று கேட்டால் பதில் இல்லை. யாழ்ப்பாணத்து மடத்துப் பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். எல்லாத் தவணையிலும் டொறத்தி முதலாவது, அன்ரனிற்றா இரண்டாவது. பிறகு டொறத்தி புலமைப்பரிசில் பெற்று ஜெர்மனிக்கு விமானத்தில் வந்து இறங்கினாள். அன்ரனிற்றா கிழக்கு பேர்லின் வழியாக அகதியாக வந்து, பத்து வருடம் உணவகங்களில் தரை துடைத்து, அதன்பின் ஒரு துப்பறியும் நிறுவனத்தில் பயிற்சி பெற்றுச் சொந்தமாகப் பலகை மாட்டினாள். டொறத்தி செய்த குற்றம் முதலாவதாக வந்தது. அதை மன்னிக்க அன்ரனிற்றாவுக்கு முப்பது வருடம் போதவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உதவியாளன் அரவிந்த் வந்தான். முப்பத்தைந்து வயது, பாதி வழுக்கை, முழு வாய். சென்னையிலிருந்து ஆஹெனுக்கு எஞ்சினியரிங் படிக்க வந்தவன். வேலை பார்த்த கணினி நிறுவனம் மூடியதும் இவளிடம் சேர்ந்துகொண்டான்.

“மேடம், ஒரு டவுட்.”

“கேளும்.”

“ஐந்நூறு வருஷம் முன்னாடி ஒரு தமிழன் போர்ச்சுகீசியக் கப்பல்ல போய்ப் புதுக் கண்டத்தையே பாக்கறான். பாத்துட்டு அவன் எழுதின ஒரே வரி, ‘தேங்காயில்லாத கரை’. கண்டுபிடிச்சது ஆஸ்திரேலியா, கவலை சட்னிக்கு! இதைவிட ஒரிஜினலான தமிழனை யாராவது போலியா செய்ய முடியுமா?”

“வாயை மூடிக்கொண்டு வாசியும்.” அறிக்கையை அவன் பக்கம் தள்ளினாள்.

வழக்கு இதுதான். ஆங்கிலேயர் தொடுவதற்கு இருநூற்றைம்பது வருடம் முன்பே தெற்குப் பெருநிலத்தை வேறு யாரோ தொட்டுவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிகிற கூட்டம் ஒன்று உலகம் முழுக்க உண்டு. அதற்குள்ளும் இரண்டு கட்சி. போர்த்துக்கேயர் மலாக்காவிலிருந்து இரகசியமாகத் தெற்கே போனார்கள், பழைய பிரெஞ்சு வரைபடங்களில் ஜாவாவுக்குக் கீழே பெரிய நிலம் ஒன்று இருப்பது அதனால்தான் என்பது ஒரு கட்சி. இல்லை, பசிபிக்கில் புயலில் சிக்கி வழி தவறிய ஸ்பானியக் கப்பல்தான் முதலில் போனது என்பது மறு கட்சி. டொறத்தியின் கணவர் வாசுதேவன் இந்த இரண்டாம் கட்சி. கும்பகோணத்துக்காரர், ஆஹெனில் எஞ்சினியர். எந்த வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் கேக் வெட்டுவதற்குள் கைதுடைக்கும் தாளில் கடலை வரைந்து ஸ்பானியக் கப்பலை மிதக்க விட்டுவிடுவார்.

இரண்டு கட்சிக்கும் கையில் பிடிக்கிற சான்று கிடையாது. போன வருடம்தான் டொறத்தி லிஸ்பன் பழஞ்சந்தையில் ஒரு செபப் புத்தகம் வாங்கினாள். அதன் அட்டைக்குள் ஒட்டியிருந்தது ஒரு தாள். போர்த்துக்கேய மாலுமி ஒருவன் தெற்குக் கரையைப் பற்றி எழுதிய குறிப்பு. ஓரத்தில், புள்ளி வைக்காத பழைய தமிழில், கப்பலில் இருந்த தமிழன் ஒருவன் கிறுக்கிய அந்த ஒற்றை வரி. ஆறு மாதம் வீட்டு அலுமாரியில் வைத்து ஆராய்ந்து டொறத்தி ஒரு புத்தகமே எழுதிவிட்டாள். கடற்பயண வரலாற்று அறக்கட்டளை ஒன்று அவளை லிஸ்பன் ஆய்வுநிலையத்துக்குத் தலைவியாக்க இருந்தது. இன்று மூன்று மணிக்கு ஆஹெனில் குழு கூடி முடிவு செய்யும்.

இடையில், மூன்று கிழமைக்கு முன், வந்தது தாள் போலி என்று ஒரு மொட்டைக் கடிதம், தமிழில். அறக்கட்டளை ஜெர்மன்காரர்களுக்கு ஓர் எழுத்தும் விளங்காததால் தமிழ் தெரிந்த துப்பறிவாளரைத் தேடி அன்ரனிற்றாவிடம் வந்தார்கள். தாள் போலி என்று தீர்ந்தால் லிஸ்பன் பதவி போகும். அதற்குப் பிறகு எந்தப் பல்கலைக்கழகமும் டொறத்தியை வாசற்படி மிதிக்க விடாது.

“தேங்காயில ஒரு ‘தே’ இருக்கு, பாத்தனீரோ?” அறக்கட்டளை அனுப்பிய தாளின் நகலில் அன்ரனிற்றா விரலை வைத்தாள். “இரட்டைக்கொம்பு. மேல சுழி போட்ட கொம்பு. அந்தக் காலத்தில ‘தெ’, ‘தே’ ரெண்டுக்கும் ஒரே ஒற்றைக்கொம்புதான். வீரமாமுனிவர் வந்து இருநூறு வருசத்துக்குப் பிறகுதான் சுழி போட்டவர் எண்டு சின்ன வகுப்பிலயே படிச்சனாங்கள். போலி செய்த ஆள் அதை மறந்துபோனா.”

“உங்க கூடவே படிச்ச டாக்டர் டொறத்தி மறந்துட்டாங்களா?”

“யானைக்கும் அடி சறுக்கும்.”

“சறுக்கினது யானை. பல்லு தெரியறது உங்களுக்கு.”

“போய்க் கோப்பியும் ரோல்சும் வாங்கிக்கொண்டு வாரும்!”

கீழே செல்லம் அக்காவின் பலசரக்குக் கடை. போனவன் கால் மணி நேரம் கழித்து, கோப்பியும் இல்லாமல் ரோல்சும் இல்லாமல், அக்குளில் ஒரு காலண்டரோடு வந்தான். கடை வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் 2007 காலண்டர், பதினொரு மாத எண்ணெய்ப் பிசுக்கோடு.

“மேடம், சுவத்திலேர்ந்து பேத்துட்டு வந்தேன். அக்கா சத்தம் போடறாங்க. படத்தைப் பாருங்க.”

காலண்டரின் தலையில் அதே தாளின் பெரிய வண்ணப்படம்.

“ரோல்ஸ் சூடாகற வரைக்கும் பாத்துட்டே நின்னேன். ‘தெங்காய்’னு இருக்கு. அக்கா, அச்சுப்பிழைன்னேன். அவங்க ‘போன வருசம் டொறத்தி தந்த படத்தை அப்பிடியே அடிச்சது, உமக்கென்ன விசர் கதை’ன்னு திட்டினாங்க.”

அன்ரனிற்றா நகலைக் காலண்டரின் பக்கத்தில் வைத்தாள். அதே தாள், அதே கறை, அதே கிழிசல். காலண்டரில் கொம்புக்கு மேல் சுழி இல்லை. நகலில் சுழி இருந்தது. படம் எடுத்த பிறகு யாரோ பேனாவால் ஒரு சுழி சுழித்திருக்கிறார்கள்.

“பொய்யை உண்மையாக்கறவனைப் பாத்திருக்கேன் மேடம். உண்மையைப் பொய்யாக்கறதுக்கு ஒருத்தன் மெனக்கெட்டிருக்கான்!”

அவளுக்கு முதலில் வந்தது கோபம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. தான் இருக்கும் கதிரைக்கு நேர் கீழே, ஒரு மாடி இறங்கினால் சாட்சி தொங்கியிருக்கிறது. தைமாதம் செல்லம் அக்கா இந்தக் காலண்டரை நீட்டியபோது, டொறத்தி கண்டெடுத்த தாளைத் தினம் தினம் பார்க்க வேண்டுமா என்று, சுவரில் இடமில்லை என்ற பொய்யோடு திருப்பிக் கொடுத்தவள் அவளேதான். பொறாமை கண்ணை மறைக்கும் என்பார்கள். அவளுக்கு அது காலண்டரையே மறைத்துவிட்டது.

அறிக்கையையும் கடிதத்தையும் காலண்டரையும் பையில் திணித்துக்கொண்டு எழுந்தாள். “வாரும். ஆஹென் ரயிலைப் பிடிப்பம்.”

ரயிலில் உட்கார்ந்ததும் அரவிந்த் மொட்டைக் கடிதத்தை எடுத்து, இல்லாத யாழ்ப்பாணத்தைத் தொண்டையில் வரவழைத்து வாசித்தான்.

“‘ரொறத்தி செய்தது கள்ள வேலை. அந்தக் காலத்தில் இரட்டைக்கொம்பு இல்லை. இனி ஒளிக்க ஏலாது. இப்படிக்கு, யாழ்ப்பாணத் தமிழன் ஒருவன்.’ கையெழுத்து இல்லை, கம்ப்யூட்டர்ல அடிச்சது. ஆனா ஆள் உங்க ஊரு மேடம். சுத்தமான ‘ஏலாது’.”

“திருப்பி வாசியும். முதல் சொல்லை மட்டும்.”

“ரொறத்தி.”

பத்துத் தரம் வாசித்த கடிதம். ஆனால் ‘கள்ள வேலை’ என்ற இடத்துக்கு ஓடிப் போவதிலேயே அவள் குறியாக இருந்ததால் முதல் சொல்லில் ஒரு நாளும் நின்றதில்லை.

“அரவிந்த், ஒரு துண்டுக் கடதாசி எடும். எங்கட ஆக்கள் எழுதுற மாதிரி ‘டொரன்டோ’ எண்டு எழுதும் பாப்பம்.”

“தெரியுமே! கனடாப் பேப்பர்ல பாத்திருக்கேன்.” அவன் ‘ரொறன்ரோ’ என்று எழுதினான்.

“சரி. இனி டொறத்தியின்ர பேரை எங்கட ஆக்கள் மாதிரி எழுதும்.”

அவன் யோசிக்காமல் எழுதினான்: ‘ரொறத்தி’.

“பிழை!” அவள் போட்ட சத்தத்தில் எதிரே இருந்த ஜெர்மன் கிழவர் பத்திரிகையைத் தாழ்த்தினார். “ரொறன்ரோ இங்கிலீசில ‘டீ’ எழுத்து, T. அதுக்குத்தான் நாங்கள் ‘ர’ போடுறது. டொறத்தி D. அதுக்கு எங்கட ஆள் செத்தாலும் ‘ட’தான் போடும். டொறத்தி, டொக்டர், டிசம்பர். எங்கயாவது ‘ரொக்டர்’ எண்டு கண்டனீரோ?”

அரவிந்த் வாயைப் பிளந்தான். “அப்ப கடிதம் எழுதினவன் யாழ்ப்பாணத்தான் இல்லை.”

“யாழ்ப்பாணத்தான் மாதிரி நடிக்கிற தமிழ்நாட்டுக்காரன்.”

“மேடம், என்னை அப்படிப் பாக்காதீங்க. நான் இல்லை. எனக்கு அந்த வீட்டு அலமாரி எந்தப் பக்கம்னு கூடத் தெரியாது.”

“அலுமாரி எந்தப் பக்கம் எண்டு தெரிஞ்ச ஒரு தமிழ்நாட்டுக்காரர் இருக்கிறார்,” என்றாள் அன்ரனிற்றா. ஆஹெனில் இறங்கியதும் அவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

வாசுதேவன் மதிய இடைவேளையில் தன் அலுவலகத்துக்கு எதிரே இருந்த பேக்கரிக்கு வந்தார். நரைத்த தாடி, இஸ்திரி போட்ட சட்டை. முகத்தில் கவலையை ஒழுங்காகப் பொருத்தியிருந்தார்.

“என்னாச்சுங்க? ரிப்போர்ட் முடிஞ்சுதா? டாரதி ராத்திரியெல்லாம் தூங்கலை.”

“முடிஞ்சுது. ஒரு சின்ன உதவி. கவருக்கு மேல உங்கட மனுசியின்ர பேரைத் தமிழில எழுதித் தாங்கோ. கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன்.”

அவர் எழுதினார்: ‘டாரதி’.

“அவ தன்ர பேரை எப்பிடி எழுதுறவ?”

“இப்படித்தான்... வேற எப்படி?”

அன்ரனிற்றா கை நீட்டினாள். அரவிந்த் தன் பையிலிருந்து டொறத்தியின் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தான். அவள் முதல் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். தாளின் படம்கூட இல்லாத அந்த ஜெர்மன் புத்தகத்தில் ஒரே ஒரு தமிழ் வரி. ‘என் வாசுவுக்கு, டொறத்தி.’

“புத்தகம் வந்து எத்தினை மாதம்?”

“எட்டு.”

“திறந்து பாத்தனீங்களோ?”

அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரனிற்றா மொட்டைக் கடிதத்தை அதன் மேல் வைத்தாள். “இதில அவவின்ர பேர் பிழையாக் கிடக்கு.”

“பிழையா? ரொறத்தின்னு தானே? உங்க ஆளுங்க எல்லாம் ‘ட’வுக்கு ‘ர’ தானே போடுவீங்க?”

“நானும் அப்படித்தான் சார் நினைச்சேன்,” என்றான் அரவிந்த். “ரயில்லேயே ஃபெயிலாயிட்டேன்.”

அன்ரனிற்றா பேனாவை எடுத்து இரண்டு வரியில் ‘ட’ பாடம் நடத்தினாள். காலண்டரை விரித்துச் சுழியில்லாத கொம்பைக் காட்டினாள். தாள் அறக்கட்டளைக்குப் போகும்வரை எந்த அலுமாரியில் இருந்தது என்று கேட்டாள்.  அவர் முகத்தில் இருந்த கவலை கழன்று, அதன் அடியில் இருந்தது வெளியே வந்தது.

“இருபது வருஷம்,” என்றார். “இருபது வருஷம் லைப்ரரி லைப்ரரியா அலைஞ்சு ஸ்பானியக் கப்பலைத் தேடினது நான். அவளுக்கு இந்தக் கதையெல்லாம் சொல்லிக் கொடுத்ததே நான். அவ சந்தையில ஒரு பழைய புத்தகம் வாங்கினா, அவ்வளவுதான். அன்னிலேர்ந்து எனக்குப் பேரே இல்லை. டாரதி ஹஸ்பண்ட்! என் ஸ்பானியன் செத்துட்டான். இப்ப லிஸ்பனுக்கு வேற போகப் போறா. ஒரே ஒரு சுழி போட்டேங்க. ஒரு செகண்ட் ஆகலை.”

“அந்த ஒரு சுழியில அவவின்ர முப்பது வருசம் போகும் எண்டு தெரியுமோ?”

“தெரியும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நீங்க இதைச் சொல்ல வேணாம். போலின்னே எழுதிடுங்க. உங்களுக்கும் அதுதானே வேணும்? பள்ளிக்கூடத்திலேர்ந்து நீங்க அவளைப் பாத்து எரியறது எனக்குத் தெரியாதா? அவளே சொல்லிச் சிரிச்சிருக்கா.”

அந்தக் கடைசிச் சொல் அன்ரனிற்றாவுக்குச் சுட்டது. சொல்லிச் சிரித்திருக்கிறாள்! பையில் காலையில் எழுதிய அறிக்கை கையெழுத்தோடு இருந்தது. அதை அப்படியே கொடுத்தால் போதும், புதிதாக ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை. லிஸ்பனுக்கு யாரும் போகமாட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து நடக்கும் ஊர்க்கதையில் இனி யாரும் டொறத்தியின் பெயரைப் பெருமையாக இழுக்கமாட்டார்கள். இதை நினைக்கும்போது அவளுக்கு மறுபடி இனிக்கத்தான் செய்தது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

“எனக்கு எரிச்சல்தான், ஓம்,” என்றாள். “ஆனா என்ர எரிச்சல் பேனா எடுக்கேல்லை.”

சொல்லி முடிப்பதற்குள் அது பொய் என்று அவளுக்கே உறைத்தது. காலையில் நாலு தரம் வாசித்து ருசித்தது பின்னே என்ன? அறிக்கையை வெளியே எடுத்து, வாசுதேவன் பார்க்க நாலாகக் கிழித்தாள். பேக்கரி மேசையிலேயே புதிதாக ஜெர்மனில் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். தாளில் சுழி பின்னால் சேர்க்கப்பட்டது, சேர்த்தவர் வாசுதேவன், ஆதாரம் காலண்டரும் கடிதமும். அவர் தடுக்கவில்லை. ஆறிப்போன கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அறக்கட்டளைக் கட்டடத்தின் நீண்ட நடைக்கூடத்தில் டொறத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். சாம்பல் நிறக் கோட்டு, காதில் ஒரு முத்து. அன்ரனிற்றா அவளை நாலு வருடத்துக்குப் பிறகு நேரில் பார்க்கிறாள். இப்போதும் நிமிர்ந்தே இருக்கிறாளே என்று அன்ரனிற்றாவுக்குக் கோபம் வந்தது. அறிக்கையை அரவிந்திடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு எதிரே நின்றாள்.

“பயப்பிடாதை. போலி இல்லை எண்டு எழுதியிருக்கிறன்.”

டொறத்தி கண்ணை மூடித் திறந்தாள். “வாசு ஒத்துக்கொண்டவரோ?”

 அன்ரனிற்றா பக்கத்துக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். “உனக்கு எப்ப தெரியும்?”

“கடிதத்தை எனக்குக் காட்டின அண்டைக்கே. ‘ரொறத்தி’ எண்டு எங்கட ஆக்கள் ஆரும் எழுதுவினமோ? என்ர வீட்டில தமிழ் எழுதத் தெரிஞ்ச மற்ற ஆள் ஆர்?”

“பிறகேன் நீ சொல்லேல்லை?”

“நான் சொன்னா, தான் தப்புறதுக்குப் புருசனைப் பிடிச்சுக் குடுக்கிறாள் எண்டுவினம். என்ர சிநேகிதி ஆரும் சொன்னா, சிநேகிதிக்காகச் சொல்லுறாள் எண்டுவினம். அதால உன்ர பேரைக் குடுத்தன்.”

“என்ர பேரை நீயோ குடுத்தனி?”

“என்னைக் கண்டா உனக்கு ஆகாது எண்டு வுப்பர்டால் முழுக்கத் தெரியும். நீயே வந்து நான் செய்யேல்லை எண்டா ஒருத்தரும் மறுபேச்சுப் பேசேலாது.”

அன்ரனிற்றாவின் வயிறு எரிந்தது, முன்னைவிட மோசமாக. அவள் இன்று கண்டுபிடித்ததை இவள் மூன்று கிழமை முன்னாலேயே கண்டுபிடித்திருக்கிறாள். இந்த வழக்கிலும் முதலாவது டொறத்தி, இரண்டாவது அன்ரனிற்றா.

“நான் பொய் எழுதியிருந்தா என்ன செய்திருப்பாய்?”

“எழுதமாட்டாய் எண்டு நம்பினன்.” டொறத்தியின் குரல் முதன்முறையாக உடைந்தது. “என்ன காரணம் சொன்னவர்?”

“எரிச்சல்.”

“உன்னைப் போலயோ?”

“ஓம். என்னைப் போலத்தான்.”

டொறத்தி கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். உள்ளே கதவு திறந்து ஒரு பெண் அவள் பெயரைக் கூப்பிட்டாள். எழுந்தவள் போகாமல் நின்றாள்.

“அன்ரனி, உண்மையைச் சொல்லு. அவ்வளவு எரிச்சல் இருக்கேக்க நீ ஏன் என்னை விழ விடேல்லை?”

அன்ரனிற்றா அவளுடைய கோட்டுக் கழுத்தை இழுத்துச் சரி செய்தாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

“நீ விழுந்தா நான் ஆரையடி வெல்லுறது? உள்ள போ.”